காசு கொடுத்து வாங்கிய பரிசு அட்டை காலியாக இருந்தால்: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

கடையில் பணம் கட்டி, ரசீது வாங்கி, உறையைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்த பரிசு அட்டையில் ஒரு சென்ட்கூட இல்லாமல் போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஓ.டி.பி. கேட்பவர்களைப் பற்றித் தெரியும். பரிசு விழுந்திருக்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்புகிறவர்களைத் தெரியும். ஆனால் பட்டப்பகலில் பெரிய கடையின் கல்லாவில் நின்று வாங்கிய பொருள், வாங்குவதற்கு முன்பே திருடன் கைபட்டதாக இருக்கும் என்பது எனக்குப் புதிது. ஏழு அட்டைகளில் 3,500 ரேண்ட் போனது. அதை மீட்க அலைந்ததில் போன நேரமும் தூக்கமும் தனி. அந்த நாட்களில் இதைப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன், உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு சிறிய தமிழ் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. அதற்குப் பின் ஐந்தாறு தலைமுறை கடந்து வந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. ஆயாவிடமும் தாத்தாவிடமும் மிச்சமிருக்கும் சில சொற்களோடு வகுப்புக்கு வருவார்கள், ஆண்டு இறுதியில் மேடையேறித் தேவாரமும் குறளும் சொல்வார்கள். அதற்குப் பரிசு கொடுப்பது வழக்கம். முன்பெல்லாம் கோப்பைதான். சில பெற்றோர் வந்து, ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம் என்று கை கடிக்கிறது, பரிசு அதற்கு உதவுமாறு இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். நியாயமான பேச்சு. நன்கொடை திரட்டி, சீருடை விற்கும் ஒரு பெரிய கடையின் பரிசு அட்டைகளை, தலா 500 ரேண்ட் வீதம் பதினெட்டு வாங்கினோம். குழுவின் பொருளாளர் 9,000 ரேண்டை என் கணக்குக்கு அனுப்பினார், நான் என் வங்கி அட்டையில் கட்டினேன். கல்லாவில் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியே செயல்படுத்தும் ரசீது வந்தது. ரசீதின் பின்னால் எந்த அட்டை எந்தப் பிள்ளைக்கு என்று கடைசி நான்கு எண்களைப் பார்த்து எழுதிவைத்தேன். பொதுப் பணம் என்பதால் அப்படிச் செய்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தக் காகிதங்கள்தாம்.

விழா நவம்பர் கடைசியில் நடந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு தாய் அழைத்தார். "அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் காசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு எடுத்துவைத்த சட்டையைத் திரும்ப வைத்துவிட்டு வந்தோம்" என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, கூச்சம்தான் இருந்தது. எனக்கு அது இன்னும் வலித்தது. தமிழ் சொன்னதற்காகக் கைதட்டி மேடையில் கொடுத்த பரிசு, வரிசையில் நாலு பேர் பார்க்கக் கல்லாவில் செல்லாமல் போயிருக்கிறது. அடுத்த சில நாட்களில் இன்னும் சிலர் அழைத்தார்கள். எல்லா அட்டைகளையும் சரிபார்த்தபோது பதினொன்றில் பணம் இருந்தது அல்லது அந்தக் குடும்பங்களே செலவழித்திருந்தார்கள். ஏழு காலி. அந்த ஏழில் ஒன்று, விழாவுக்கு வராத ஒரு பிள்ளைக்காக என் அலமாரியில் இருந்தது. அட்டையின் ரகசியப் பின் (PIN) எண்ணை மறைக்கும் சுரண்டும் பூச்சு அப்படியே இருந்தது. கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாவில் தேய்க்கச் சொன்னேன். பூஜ்யம் காட்டியது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. பணம் ஒருபுறம் இருக்கட்டும். நன்கொடை கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள், அட்டைகள் என் கையில் இருந்த நாட்களில் நான்தான் ஏதோ செய்தேன் என்று ஒருவராவது நினைக்கமாட்டாரா என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாளே என் சேமிப்பிலிருந்து 3,500 ரேண்ட் எடுத்து ஏழு பிள்ளைகளுக்கும் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பள்ளி திறக்கும் நேரத்தில் அவர்களைக் காக்கவைக்க மனம் வரவில்லை. அதன் பிறகு பணத்தைத் தேடும் வேலை என் தனி வேலையாயிற்று. குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் பெரிய கடையோடு மோத வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. தனியாகத்தான் அலைந்தேன்.

கடையில் முதலில் கேட்ட பதில், "இருப்பு பூஜ்யம், அப்படியென்றால் பயன்படுத்தியிருக்கிறார்கள்." மேலாளர் அட்டையின் பின்பக்கத்திலுள்ள தொலைபேசி எண்ணைக் காட்டினார். அந்த எண்ணில் பேசுபவர்கள் கடைக்காரர்கள் அல்லர். அட்டைகளை நிர்வகிக்கும் வேறொரு நிறுவனத்தார். அவர்கள், "சரியான எண்ணும் பின் எண்ணும் கொடுக்கப்பட்டிருக்கின்றன, அட்டை வைத்திருப்பவர் பொறுப்பு" என்றார்கள். வங்கியில், "நீங்களே பின் எண் அழுத்திக் கட்டிய தொகை, பொருளும் உங்கள் கைக்கு வந்துவிட்டது" என்றார்கள். இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஓர் இளைஞர், "உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது எடுத்திருப்பார்கள்" என்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை அடக்கப் பெரும்பாடு பட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பரிசு அட்டை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாதவரை, யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் பணப் பரிமாற்ற மென்பொருள் துறையில் வேலை செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். ஒரு காலத்தில் எங்கள் வகுப்பில் படித்தவர். அவர்தான் பொறுமையாக விளக்கினார். கடையில் தொங்கும் அட்டைக்குள் பணம் இல்லை. அதில் இருப்பது ஓர் எண், அந்த எண்ணைத் தாங்கிய பார்கோடு அல்லது காந்தப் பட்டை, பூச்சுக்கு அடியில் ஒரு பின் எண், அவ்வளவுதான். பணம் இருப்பது தொலைவில் உள்ள சர்வரில், அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்ட கணக்கில். விற்கும்வரை அந்தக் கணக்கு உறக்கத்தில் இருக்கும். கல்லாவில் பார்கோடை வருடியவுடன் கடையின் கணினி நிர்வாக நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. அங்கே கணக்கு விழித்து, 500 ரேண்ட் என்று பதிவாகி, ஒப்புதல் எண் திரும்பி வருகிறது. இரண்டு மூன்று நொடிகளில் முடிந்துவிடும். இடையில் மின்சாரமோ இணைப்போ போய் ஒப்புதல் வராவிட்டால், கோரிக்கையை ரத்து செய்யும் இன்னொரு செய்தி போகவேண்டும். இந்தச் செய்திகளில் குளறுபடி ஆகும்போது, பணம் கட்டியும் அட்டை உயிர் பெறாமல் கிடக்கலாம். இது மோசடி இல்லை, கோளாறு. காலி அட்டை கையில் இருந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: அட்டை செயல்படுத்தப்பட்டுப் பின் செலவானதா, அல்லது செயல்படவே இல்லையா? இரண்டுக்கும் வழி வேறு. ஒப்புதல் எண் உள்ள ரசீது இருந்தால் முதல் வகை என்று உடனே சொல்லிவிடலாம்.

திருடர்கள் நுழையும் இடம் விற்பனைக்கு முன்னால். கடையில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி அட்டைகள் தொங்குகின்றன. உயிரற்ற அட்டைதானே என்று கடைக்காரர்களும் அவற்றைக் கவனிப்பதில்லை. திருடன் ஒரு கொத்தை எடுத்துப் போகிறான். உறையை நீராவியிலோ கத்தியாலோ பதமாகத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பூச்சைச் சுரண்டிப் பின் எண்ணையும் எழுதிக்கொள்கிறான். அதே நிறத்தில் சுருள் சுருளாக விற்கும் புதுப் பூச்சு ஒட்டியை மேலே ஒட்டி, உறையை மூடி, அட்டையைத் திரும்பக் கொண்டுவந்து கடையிலேயே மாட்டிவிடுகிறான். காந்தப் பட்டை மட்டும் உள்ள பழைய வகை என்றால் பின் எண்கூடத் தேவையில்லை, வெற்று அட்டையில் அந்த எண்ணைப் பதித்துக் கல்லாவில் தேய்த்துவிடலாம். பிறகு அவன் காத்திருப்பதுதான் வேலை. ஒரு சிறு கணினி நிரல், நிறுவனத்தின் இருப்பு பார்க்கும் பக்கத்தில் அந்த எண்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். இதுவரை பூஜ்யம் காட்டிய எண் ஒருநாள் 500 காட்டும். அந்தக் கணமே அவனுக்குத் தெரிந்துவிடும், யாரோ ஓர் அப்பாவி அட்டையை வாங்கிவிட்டார் என்று.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் இதைத் தடுக்கவே 2023-இல் உள்நாட்டுப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு ‘ரெட் ஹுக்’ என்ற தனித் திட்டம் தொடங்கியது. மேரிலாந்து மாநிலம் 2024-இல் சட்டமே போட்டு, எண்ணை மறைக்கும், திறந்தால் தெரியும் உறையைக் கட்டாயமாக்கியது. அட்டையைத் தொடாமலேயே எண்களை ஊகித்து இருப்பு கேட்கும் ‘கிஃப்ட்கோஸ்ட்பாட்’ என்ற நிரலை 2017-இலேயே பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தால் ஊகிப்பது எளிது. பல அட்டைகளின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950-களில் வகுத்த கணக்கு அது. தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்காக வந்தது, திருடனைப் பிடிக்காது. அந்தக் கணக்கை எவரும் போடலாம் என்பதால், எந்த எண்கள் செல்லுபடியாகக்கூடும் என்று வடிகட்ட அவனுக்கே உதவுகிறது. ஆகவே நல்ல நிறுவனம் எண்களைச் சிதறலாக அச்சிடும், இருப்பு பார்க்கும் பக்கத்தில், கேட்பது ஆளா நிரலா என்று சோதிக்கும் கேப்ச்சா வைக்கும், ஒரே இடத்திலிருந்து நூறு எண்கள் கேட்கப்பட்டால் கதவை மூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் விற்கப்படாத ஓர் அட்டையின் இருப்பை யாராவது கேட்டாலே அந்த அட்டையை நிறுத்திவைக்கும். வாங்காத அட்டையின் எண்ணும் பின் எண்ணும் ஒருவரிடம் எப்படி வந்தன?

இந்தக் கேள்விதான் என் கைக்குக் கிடைத்த ஆயுதம். "ஆன்ட்டி, அவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், முதலில் பதிவேட்டைக் கேளுங்கள்" என்றார் அந்தத் தம்பி. ஒவ்வோர் எண்ணுக்கும் எப்போது இருப்பு கேட்கப்பட்டது, எப்போது செயல்படுத்தப்பட்டது, எப்போது எங்கே செலவானது என்பதெல்லாம் நொடிக் கணக்கில் பதிவாகியிருக்கும். கடை முதலில் மறுத்தது. தனியார் நிறுவனத்தின் பதிவாக இருந்தாலும், என் உரிமையைக் காக்க அது தேவை என்றால் கேட்கலாம் என்கிறது 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் ஊக்குவிப்புச் சட்டம். படிவம் 2 என்று ஒன்று உண்டு. நிரப்பி, கடையின் தலைமை அலுவலகத்தில் இருக்கும் தகவல் அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கடை மேலாளரிடம் வாயால் கேட்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அதே கடிதத்தில் இன்னொன்றையும் எழுதினேன். 2008-இல் இயற்றப்பட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, முன்பணம் கட்டி வாங்கும் அட்டைகளைப் பற்றியது. அட்டைக்காகக் கொடுத்த பணம், கடை அதற்குப் பொருளோ சேவையோ கொடுக்கும்வரை அட்டை வைத்திருப்பவரின் சொத்து என்று அது தெளிவாகச் சொல்கிறது. 65-ஆம் பிரிவு, அப்படி மற்றவர் பணத்தைக் கையில் வைத்திருக்கும் வணிகர் அதைத் தன் சொத்தாக நடத்தக் கூடாது, பொறுப்போடும் திறமையோடும் பாதுகாக்க வேண்டும், தவறினால் இழப்புக்கு அவர் பொறுப்பு என்கிறது. இதைப் படித்த அன்று என் முதுகு நிமிர்ந்தது. அதுவரை சலுகை கேட்பவளைப் போலக் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தேன். அவர்களிடம் இருப்பது எங்கள் பணம். அதைக் காக்கவேண்டியது அவர்கள் கடமை. அதே 63-ஆம் பிரிவில் இன்னொரு செய்தியும் உண்டு: முழுத் தொகையும் செலவாகாத அட்டை, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் காலாவதி ஆகாது. அட்டையில் ஓர் ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும் சட்டம்தான் செல்லும். பழைய அட்டை வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

காவல் நிலையத்துக்கும் போனேன். இவ்வளவு சிறிய தொகைக்கா என்பது போல முதலில் பார்த்தார்கள். நான் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டுபோயிருந்தேன். காவல் நிலையத்திலேயே அதற்குக் கட்டணமின்றி முத்திரை போட்டுத் தருவார்கள். ஏழு அட்டைகளின் எண்கள், வாங்கிய தேதி, நேரம், ஒப்புதல் எண்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. வழக்கு எண் கொடுத்தார்கள். திருடனைப் பிடிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை. ஆனால் அந்த எண்ணைக் கடிதத்தின் தலைப்பில் போட்ட பிறகு வந்த பதில்களின் தொனியே மாறிவிட்டது. அலமாரியில் இருந்த சுரண்டாத அட்டையைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தேன். பூச்சின் ஓரம் ஒரு மயிரிழை தூக்கி நின்றது, அட்டையில் அச்சிட்ட கோட்டுக்குச் சற்று வெளியே போயிருந்தது. எண்ணையும் பின் எண்ணையும் பிள்ளைகள் வீட்டில் யாரோ பயன்படுத்தினார்கள் என்ற வாதம் அந்த ஓர் அட்டையின் முன் நிற்கவில்லை. உங்களிடம் காலியான அட்டை ஏதாவது சுரண்டாமல் இருந்தால் தயவுசெய்து சுரண்டாதீர்கள். ஆவலாகத்தான் இருக்கும். தொடாமல் உறையோடு வையுங்கள்.

நடுவில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நான் அலைவது அக்கம்பக்கத்தில் பரவியதும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அட்டை நிறுவனத்தின் ‘மீட்புப் பிரிவு’ என்றார். என் பெயரும் கடையின் பெயரும் சரியாகச் சொன்னார். பணத்தை அன்றே திருப்பித் தருகிறோம், வங்கியிலிருந்து வரும் எண்ணை மட்டும் படியுங்கள் என்றார். துண்டித்துவிட்டேன். ஏமாந்தவர்களைத் தேடிப்பிடித்து இரண்டாம் முறை ஏமாற்றும் கூட்டம் இது. பணத்தை இழந்து மனம் தவிக்கும் நேரத்தில் இப்படியொரு குரல் வந்தால் நம்பத்தான் தோன்றும். அதே வாரம் பக்கத்துத் தெரு ஆயா ஒருவருக்கு வேறு வகை அழைப்பு: வரி பாக்கி இருக்கிறது, உடனே கடைக்குப் போய் வவுச்சர் வாங்கி எண்ணைப் படிக்காவிட்டால் கைது என்று. நல்லவேளை, கல்லாவில் நின்ற பெண் ஆயாவின் முகத்தைப் பார்த்து விசாரித்துத் தடுத்துவிட்டாள். வரித்துறையோ, நீதிமன்றமோ, வங்கியோ, மின்வாரியமோ எந்தப் பாக்கியையும் பரிசு அட்டையிலோ வவுச்சரிலோ வாங்காது. கோயில் தலைவரின் படம் போட்ட வாட்ஸ்அப் எண்ணிலிருந்து "அவசரமாக நாலு அட்டை வாங்கி எண்ணை அனுப்பம்மா" என்று வந்தாலும், அவரை நேரில் அழைத்துக் கேட்காமல் அசையாதீர்கள். எண்ணைப் படித்துச் சொன்ன நிமிடத்தில் பணம் போய்விடும். அப்படி ஆகிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே அட்டையின் பின்பக்க எண்ணை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். இன்னும் செலவாகாத பகுதி தப்பக்கூடும்.

பதிவேடு கடைசியில் வந்தது. ஒரு பக்கத் தாள்தான். அதைப் படித்தபோது கை நடுங்கியது. எங்கள் ஏழு எண்களின் இருப்பும், நான் அவற்றை வாங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே, இரவும் பகலும் இணையம் வழியாகக் கேட்கப்பட்டிருந்தன. பிறகு நான் வாங்கிய பிற்பகல், செயல்படுத்தப்பட்ட நேரம். அன்று மாலைக்குள் ஏழும் காலி. விழா மேடையில் பிள்ளைகள் கையில் நாங்கள் கொடுத்தபோதே அவை வெறும் அட்டைகள். இணையத்தில் வாங்கிய பொருள்கள் வேறு மாகாணத்து முகவரிக்குப் போயிருந்தன. அந்த முகவரியை எனக்குத் தரவில்லை, அது காவல்துறைக்குத்தான் என்றார்கள். அது சரியென்றே எனக்கும் பட்டது. ஆனால் விற்காத அட்டையின் இருப்பு அத்தனை முறை கேட்கப்பட்டதை அவர்கள் சர்வர் பதிவு செய்திருக்கிறது, யாரும் மணி அடிக்கவில்லை. அதைத்தான் அடுத்த கடிதத்தில் எழுதினேன். கவனத்தோடு காப்பது என்று சட்டம் சொல்வது இதைத்தானே?

கடை தட்டிக்கழித்தால் போகவேண்டிய இடம் நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளர் அலுவலகம். சி.ஜி.எஸ்.ஓ. என்பார்கள். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே புகார் செய்யலாம். முதலில் கடைக்கு எழுதி, அவர்கள் பதிலையோ பதில் வராததையோ காட்டவேண்டும். அதனால் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினாலும் "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வங்கியோடு தகராறு என்றால் அது வேறு வாசல், 2024 மார்ச்சில் பல அமைப்புகளை இணைத்து உருவான தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பு. வங்கி அட்டையில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையும் வைக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 120 நாட்கள் என்பார்கள். மறுக்கப்பட்டாலும் அந்த மறுப்பு ஒரு காகிதச் சான்று. கேமராப் பதிவையும் உடனே பாதுகாக்கச் சொல்லி எழுதுங்கள். நவம்பரில் வாங்கியதை ஜனவரியில் கேட்டபோது எங்கள் கடையில் அது அழிந்துபோயிருந்தது. யார் அட்டைகளைத் திரும்ப மாட்டினார் என்பது அதோடு போயிற்று.

இப்போது யாராவது பரிசு அட்டை வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், வாங்குங்கள், ஆனால் கண்ணால் பார்த்து வாங்குங்கள் என்பேன். முன்னால் தொங்குவதை எடுக்காமல், கல்லாவுக்குப் பின்னால் புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து தரச் சொல்லிக் கேளுங்கள். பல கடைகளில் தருகிறார்கள். உறையின் விளிம்பில் பசை தடிப்பாக இருக்கிறதா, பார்கோடின் மேல் இன்னொரு ஒட்டி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பார்கோடு மாற்றி ஒட்டும் வித்தையில், நீங்கள் கட்டும் பணம் திருடன் வீட்டில் இருக்கும் வேறோர் அட்டைக்கு ஏறிவிடும். உறையில் தெரியும் எண்ணும் ரசீதில் வரும் கடைசி எண்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கல்லாவை விட்டு நகரும் முன் பாருங்கள். கடையில் நிற்கும்போதே இருப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். வீட்டில் பார்ப்பதென்றால் அட்டையில் அச்சிட்ட முகவரியைக் கையால் அடித்துப் போங்கள். தேடுபொறியில் முதலில் வரும் ‘இருப்பு பார்க்கும்’ பக்கங்களில் சில, எண்ணையும் பின் எண்ணையும் வாங்கிக்கொள்ளவே கட்டப்பட்டவை. முடிந்தவரை சீக்கிரம் செலவழித்துவிடுங்கள். தொலைவில் உள்ள உறவினருக்கு என்றால், கடையின் சொந்தத் தளத்திலிருந்தே நேராக அவர் மின்னஞ்சலுக்குப் போகும் மின் அட்டை பரவாயில்லை. யாரும் தொங்கவிட்டு எடுக்க முடியாது. ஆனால் அதன் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எங்கள் வகுப்பில் இனிமேல் பரிசு அட்டை இல்லை. பெயர் எழுதிய உறையில் பணமாகக் கொடுப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது. சிலருக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது, நான் விளக்கிய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் புகார் எண் கிடைத்த பிறகுதான் கடையின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்துப் பேசினார். முதன்முறையாக ஒருவர் மன்னிப்புக் கேட்டார். இழப்புக்கு ஈடாகப் புதிய பரிசு அட்டைகள் தருகிறோம் என்றார். வேண்டாம் என்று சொன்னேன். பணத்தை எந்தக் கணக்கிலிருந்து வாங்கினீர்களோ அந்தக் கணக்குக்கே அனுப்புங்கள் என்றேன். சில நாட்கள் இழுத்து, 2,500 ரேண்ட் வந்தது. ஐந்து அட்டைகளுக்கு மட்டும். மற்ற இரண்டையும் அந்தக் குடும்பங்கள், காலியானதுதானே என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். அட்டையைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்கமாட்டோம் என்று கடை நிற்கிறது. காலி அட்டை என்றாலும் விவகாரம் முடியும்வரை தூக்கிப்போட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். என்னிடம் அந்த இரண்டு அட்டைகளின் ஒப்புதல் எண்கள் ரசீதில் இருக்கின்றன, பதிவேட்டிலும் அதே எண்கள் இருக்கின்றன. அட்டையே சான்று என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று எழுதி, மீதி 1,000 ரேண்டுக்கான மனுவைத் திரும்பக் கொடுத்திருக்கிறேன்.